இருபாலீர்ப்பும் வில்லன் பாத்திரமும்: திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், கணினி விளையாட்டு

ஆய்வுச் சுருக்கம்

ஆண், பெண் ஆகிய இரு பாலாரையும் விரும்பும் பாத்திரங்கள் திரைக்கதைகளில் நெடுங்காலமாக வில்லன்களாகவே அமைந்துள்ளன. அப்பாத்திரங்கள் கொடியவர்களாக இருப்பது மட்டுமே சிக்கலன்று. அவர்தம் விருப்பம் கொடுமைக்குரிய சான்றாகக் கதையில் பயன்படுத்தப்படுவதே சிக்கல் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதனை ஹாலிவுட் படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், கணினி விளையாட்டுகள், இந்தியப் படங்கள் சிலவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இருபாலீர்ப்பு, வில்லன், தணிக்கை, துப்பறியும் கதை, கணினி விளையாட்டு, பால்புதுமை

முன்னுரை

‘இருபாலர்’ என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிலும் கல்லூரியையே நினைவூட்டும். எனவே விருப்பத்தைக் குறிக்க ‘இருபாலீர்ப்பு’ என்ற வழக்கையே இக்கட்டுரை மேற்கொள்கிறது. பால்புதுமையரை மதிப்புடன் சுட்டும் சொற்களஞ்சியத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட பின்னரும், ஆய்வேடுகளில் ‘பிறழ்வு’, ‘வக்கிரம்’ முதலிய சொற்கள் விளக்கமின்றிப் புழங்கிவருகின்றன. திரைப்படங்கள் செய்த தீர்ப்பை ஆய்வாளரும் சொல்லளவில் வழிமொழிகின்றனர் என்பதற்கு இது சான்றாகும்.

ஒரு பாத்திரத்தை மதிப்பிட எளிய வினா ஒன்று உதவும். அப்பாத்திரத்தின் இருபாலீர்ப்பை நீக்கிவிட்டால் கதையில் எது குலைகிறது? ஒன்றும் குலையவில்லை எனில் அது வெறும் ஒப்பனை. குற்றத்தின் நம்பகத்தன்மை குலைகிறது எனில், விருப்பம் சாட்சியாக நிறுத்தப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம்.

தணிக்கையும் குறிப்புமொழியும்

ஹாலிவுட் தயாரிப்பு நெறிமுறை 1930இல் வகுக்கப்பெற்று, 1934 முதல் 1968 வரை நடைமுறையில் இருந்தது. தற்பால் விருப்பத்தை வெளிப்படையாகக் காட்டுவதை மட்டுமன்றிக் குறிப்பாகச் சுட்டுவதையும் அது விலக்கியது. தீமை தண்டிக்கப்பட வேண்டும் என்பதும் அதன் விதி. இவ்விரு விதிகளும் இணைந்தபோது, இறுதியில் அழியப்போகும் வில்லனே இத்தகைய விருப்பத்தைச் சுமக்க ஏற்ற பாத்திரமானான். 1936இல் வெளிவந்த ‘டிராகுலாஸ் டாட்டர்’ படத்தில் சலெஸ்கா சீமாட்டி ஓவியம் வரைவதாகக் கூறி இளம்பெண் ஒருத்தியை வரவழைத்து இரையாக்குகிறாள். பின்னர் மருத்துவர் ஒருவரைத் தன் நிலையான துணையாக்க முயல்கிறாள். பசியும் காமமும் அப்படத்தில் வேறுபடுத்தப்படவில்லை.

ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘ஸ்பார்ட்டகஸ்’ (1960) விரிவாக நோக்கத்தக்கது. ரோமானியத் தளபதி கிராசஸ் குளியலறையில் தன் அடிமை ஆன்டனைனஸிடம் சிப்பி உண்பாயா, நத்தை உண்பாயா என வினவுகிறான். உணவுச் சுவை அறநெறி சார்ந்ததன்று என்றும், தான் இரண்டையும் உண்பவன் என்றும் கூறுகிறான். தொடர்ந்து வெளியே அணிவகுத்துச் செல்லும் ரோமானியப் படையைக் காட்டி, ரோமுக்கு அடிபணிவதைப் பற்றிப் பேசித் திரும்பும்போது, அடிமை தப்பியோடியிருக்கிறான். தணிக்கையால் இக்காட்சி நீக்கப்பட்டது. இதனால் ஆன்டனைனஸ் ஸ்பார்ட்டகஸின் படையில் வந்து சேர்வதற்கான உடனடிக் காரணமே படத்திலிருந்து மறைந்தது. 1991இல் படம் மீட்டுருவாக்கம் செய்யப்பட்டபோது காட்சி கிடைத்தது; ஒலி கிடைக்கவில்லை. கிராசஸாக நடித்த லாரன்ஸ் ஒலிவியர் 1989இல் மறைந்துவிட்டமையால் அந்தோணி ஹாப்கின்ஸ் அவருக்குக் குரல் கொடுத்தார்.

இக்காட்சியைத் தற்பால் விருப்பத்தின் இழிவுச் சித்திரிப்பு என்று மட்டும் வாசிப்பது போதாது. கிராசஸ் பின்னர் வரீனியா என்னும் பெண்ணையும் அவ்வாறே விரும்புகிறான். அவளும் அடிமையே. ஆணோ பெண்ணோ, அவன் விரும்புவோர் எவருக்கும் மறுக்கும் உரிமை இல்லை. படம் கண்டிப்பது உடைமையாக்கும் வேட்கையை எனலாம். ஆயினும் நேர்மையான காதல் ஸ்பார்ட்டகஸுக்கும் வரீனியாவுக்கும் மட்டுமே உரியதாக அமைந்திருப்பதால், ‘இரண்டையும் உண்பவன்’ என்பது ஆதிக்கவாதியின் அடையாளமாகவே பார்வையாளர் மனத்தில் தங்குகிறது.

துப்பறியும் கதையில் ஐயம்

1992இல் பால் வெர்ஹோவன் இயக்கத்தில் வெளிவந்த ‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’ இம்மரபின் உச்சம். ஓய்வுபெற்ற ராக் பாடகர் ஒருவர் படுக்கையில், பனிக்கட்டி உடைக்கும் குத்தூசியால் கொல்லப்படுகிறார். அதே முறையில் நிகழும் கொலையைத் தன் நாவலில் முன்னரே எழுதிய கேத்தரின் டிராமெல் மீது ஐயம் விழுகிறது. அவளுக்கு ராக்சி என்னும் காதலி உண்டு. விசாரணை அதிகாரி நிக்குடனும் அவள் உறவு கொள்கிறாள். ராக்சி சிறுவயதிலேயே தன் தம்பியரைக் கொன்றவள் எனத் தெரியவருகிறது. கேத்தரினுடன் கல்லூரிக் காலத்தில் தொடர்பு கொண்டிருந்த உளவியலாளர் பெத்தும் ஐயத்துக்குள்ளாகி, நிக்கின் துப்பாக்கிக்குப் பலியாகிறாள். பெண்ணை விரும்பிய பெண் எவளும் இப்படத்தில் குற்றத்தின் நிழல் படாமல் இல்லை.

துப்பறியும் கதை ‘கொன்றது யார்’ என்ற வினாவால் நகர்வது. இப்படம் அதனுடன் ‘இவள் உண்மையில் யாரை விரும்புகிறாள்’ என்ற வினாவையும் பின்னுகிறது. ஒன்றுக்கு விடை தெரியாதவரை மற்றொன்றுக்கும் விடை தெரியாது. பொய்யறியும் சோதனையில் தேறுகிறாள் என்பதும், புனைகதை எழுதுபவள் என்பதும், இரு பாலாரையும் விரும்புபவள் என்பதும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டு, அவளை நம்ப இயலாது என்னும் முடிவை நோக்கிப் பார்வையாளரை நடத்துகின்றன. கட்டிலடியில் கிடக்கும் குத்தூசியைக் காட்டிப் படம் முடிகிறது. முன்னர் எழுப்பிய வினாவை இங்கு இட்டுப் பார்த்தால், கேத்தரினின் இருபாலீர்ப்பை நீக்கிய அளவில் மர்மத்தின் பாதி சரிந்துவிடும்.

1991இல் சான் பிரான்சிஸ்கோவில் படப்பிடிப்பு நடந்தபோதே பால்புதுமையர் அமைப்புகள் போராடின. திரைக்கதையாசிரியர் ஜோ எஸ்தர்ஹாஸ் சில மாற்றங்களுக்கு இசைந்தார், இயக்குநர் ஏற்கவில்லை. படம் வெளியானபோது கொலையாளி யார் என்பதை அறிவித்தே போராட்டக்காரர்கள் எதிர்த்தனர். துப்பறியும் படத்துக்கு எதிரான போராட்டத்தில் இதைவிடக் கூரிய ஆயுதம் இருக்க இயலாது. பிற்காலத்தில் கமீல் பாலியா போன்றோர் கேத்தரினை ஆற்றல்மிக்க பெண்ணாகக் கொண்டாடியதும் குறிப்பிடத்தக்கது. அக்கொண்டாட்டம் நடிப்பின் வலிமைக்கு உரியதேயன்றிக் கதையமைப்பின் தீர்ப்பை மாற்றவில்லை.

தொலைக்காட்சித் தொடர்கள்

தொடர்களில் காலநீட்சி இருப்பதால் பாத்திரம் விரியும் வாய்ப்பு மிகுதி. ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ (2013–2018) தொடரில் பிராங்க் அண்டர்வுட்டுக்கு உறவுகள் யாவும் அதிகாரப் பேரமே. ஆயினும் முதல் பருவத்தில், தான் பயின்ற படைப்பயிற்சிக் கல்லூரியில் பழைய நண்பனுடன் கழியும் ஓரிரவில் மட்டும் அவன் கணக்கின்றிப் பேசுகிறான். ஆணின் மீதான விருப்பமே அங்கு அவனுடைய மனிதத் தன்மைக்குச் சான்றாகிறது; மரபு தலைகீழாகிறது. ‘கில்லிங் ஈவ்’ (2018–2022) தொடரின் வில்லனெல் கூலிக்கொலையாளி. அவள் கொலையாளி என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், அவளது விருப்பம் துப்பாக வேண்டிய தேவை எழவில்லை. எனினும் ஈவுடன் இணைந்த உடனேயே அவள் சுடப்பட்டு இறக்கிறாள். 1934இன் விதி நூலில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது.

விளையாடுபவரின் கை

கணினி விளையாட்டில் பாத்திரத்தின் விருப்பம் விளையாடுபவரின் தேர்வுக்கு ஏற்ப அமைகிறது. ‘டிராகன் ஏஜ் 2’ (2011) விளையாட்டில் ஆண்டர்ஸ் என்பவனை ஆண் நாயகனும் காதலிக்கலாம், பெண் நாயகியும் காதலிக்கலாம். கார்ல் என்பவன் தன் காதலனாக இருந்ததை ஆண் நாயகனிடம் மட்டுமே அவன் கூறுகிறான். எதிரிலிருப்பவரின் பாலைப் பொறுத்துக் கடந்தகாலமே சுருங்கும் இவ்வமைப்பை இருபாலீர்ப்பு எனலாமா என்பது ஐயத்திற்குரியது. பின்னர் அவன் வழிபாட்டுத் தலமொன்றை வெடிவைத்துத் தகர்க்கிறான். அதற்குக் காரணம் மந்திரவாதியருக்கு இழைக்கப்பட்ட ஒடுக்குமுறை. காதல் அதில் சாட்சியாக நிற்கவில்லை.

‘பால்டர்ஸ் கேட் 3’ (2023) இன்னும் நுட்பமானது. இரத்தக்காட்டேரியான அஸ்டேரியன் விளையாடுபவரை மயக்கத் தொடங்குவது பாதுகாப்புக் கருதியே. இது பழைய மரபுப்படி வஞ்சகம். ஆனால் இரு நூற்றாண்டுகளாகத் தன் எசமானன் கசடோருக்கு இரை சேர்க்க மயக்கும்படி அவன் கட்டாயப்படுத்தப்பட்டவன் என்பது பின்னர் விளங்குகிறது. வஞ்சகம் இயல்பிலிருந்து வந்ததன்று, அடிமைத்தனத்திலிருந்து வந்தது. சலெஸ்காவுக்குக் கிட்டாத பின்னணி அவனுக்குக் கிட்டுகிறது. அவன் கசடோரைப் போல் ஆவதா, விடுபடுவதா என்பதில் விளையாடுபவருக்கும் பங்குண்டு.

இந்தியத் திரை

சஞ்சய் லீலா பன்சாலியின் ‘பத்மாவத்’ 2018 ஜனவரியில் வெளியானது. ஒப்புதலுடன் கூடிய தற்பால் உறவைக் குற்றமற்றதாக்கிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்றுதான் வந்தது. படத்தில் அலாவுதீன் கில்ஜி பெண்ணாசை கொண்டவன். மாலிக் காபூரின் பற்றையும் ஏற்பவன். அவனது அடங்காமையைக் காட்டும் பல குறிகளுள் காபூரும் ஒரு குறி. சுல்தான் காபூர்மீது கொண்ட பற்றினை 14ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பரணி பதிவு செய்துள்ளார். காபூர்மீது அவருக்கு வெறுப்பு உண்டு. படையெடுப்பாளராக 1311இல் மதுரை வரை வந்த காபூரைத் தமிழக வரலாறு நன்கறியும். திரையில் அந்தப் படைத்தலைவர் மறைந்து, ஏங்கும் அடிமையே எஞ்சுகிறார்.

கௌதம் வாசுதேவ் மேனனின் ‘வேட்டையாடு விளையாடு’ (2006) படத்தில் இளமாறன், அமுதன் ஆகிய மருத்துவர்கள் பெண்களை வன்புணர்ந்து கொல்கின்றனர். வன்புணர்வு விருப்பத்தின் சான்றாகாது என்பதால் இவர்களை இருபாலீர்ப்பினர் என வகைப்படுத்துதல் பொருந்தாது. இருவருக்கிடையிலான நெருக்கமோ குறிப்பாகவே விடப்படுகிறது. அதற்குப் பெயர் சூட்டுபவர் காவல் அதிகாரி ராகவன். அதுவும் அவர்களைச் சீண்டும் வசையாக. அவ்வுறவுக்கெனத் தனிக் காட்சி எதுவும் அமையவில்லை. அப்பெயரை அவ்விருவரும் ஒருபோதும் தாமாகச் சொல்வதுமில்லை.