ஊர்ப் பணிக்குழு: தொடங்கும் முறையும் நடத்தும் முறையும்

ஏரியின் வரத்துக் கால்வாய் தூர்ந்துபோனால் விவசாயியின் வயல் மட்டும் காய்வதில்லை. நெசவாளர் தெருக் கிணறும் வற்றுகிறது. நூலுக்குச் சாயமேற்றவும் பாவுக்குக் கஞ்சி போடவும் நீரின்றித் தறி நிற்கிறது. இக்குறையைத் தீர்ப்பது நமது சங்கங்களின் உபவிதிகளுள் அடங்குவதன்று. ஊரார் இதற்கெனத் தனியே ஒரு பணிக்குழு அமைத்துக்கொள்வதே வழியாகும். நம் முன்னோர் நடத்திய குடிமராமத்தும் இத்தகைய கூட்டு உழைப்பே. அங்கத்தினர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி, அதன் முறையை இங்கு விளக்குவோம்.

முதலாவது, ஒரே ஒரு வேலையை மேற்கொள்ள வேண்டும். 'கிராம முன்னேற்றம்' என்பது நோக்கமேயன்றி வேலையன்று. 'ஐப்பசி மழைக்கு முன் கால்வாயின் இன்ன பகுதியைத் தூர்வாருதல்' என்பதே வேலை. எல்லையும் கெடுவும் குறித்த வேலைதான் முடிந்ததா இல்லையா என்பது யாவருக்கும் விளங்கும்.

இரண்டாவது, குறையால் வருந்துவோர் அனைவருக்கும் குழுவில் இடமளிக்க வேண்டும். தலைமடைக்காரர் மட்டும் கூடிப் பேசினால் கடைமடைக்காரர் ஒதுங்கி நிற்பர். விவசாயிகளோடு நெசவாளரும், குடம் சுமக்கும் பெண்களும் அமர்தல் அவசியம். பின்னர்க் குழுவைப் பதிவு செய்ய விரும்பினால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குறைந்தது 7 பேர் தேவை.

மூன்றாவது, மண்வெட்டியைத் தொடுமுன் அனுமதி பெற வேண்டும். பொதுவாக, ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மிகுந்தவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதனை விண்ணப்பத்துடன் இணைப்பது நலம். 2022ஆம் ஆண்டு முதல் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டுமென ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்னர் அக்கால்வாய்க்குச் செலவான தொகையை அறிய விரும்பின், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் எழுதிக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

நான்காவது கணக்கு. இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் தணிக்கைக்குச் சென்ற ஓர் ஊரில் இத்தகைய குழு ஒன்று நடந்துவந்தது. வசூலான பணத்தை நேர்மையான பெரியவர் ஒருவர் வைத்திருந்தார், ரசீதுமில்லை, ஏடுமில்லை. ஒருநாள் ஓர் இளைஞர், 'மீதி எவ்வளவு?' என்று கேட்டார். கேட்டதில் தவறில்லை, ஆனால் பெரியவர் அதனைப் பழியாகக் கொண்டு விலகினார். ஊர் இரண்டுபட்டது. பாதி வெட்டிய கால்வாயில் மழைநீர் தேங்கி வீணாயிற்று, ஏரி நிரம்பவில்லை. ஏடு எழுதப்படாததை முன்னரே கேட்டறிந்த நாமும், நமது அலுவலுக்குப் புறம்பானதென வாளாவிருந்தோம். அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்னும் வருத்தம் இன்றும் நமக்குண்டு.

ஆதலின், காசு ஒன்றாயினும் ரசீது தருக. பணத்தை இருவர் கையொப்பமிட்டு எடுக்கும் வங்கிக் கணக்கில் வைத்திடுக. பணம் தர இயலாதவரின் உழைப்பை நாட்கணக்கில் வரவு எழுதுக. வாரந்தோறும் வரவு செலவைப் பொது இடத்தில் பலகையில் எழுதுக. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கமும், கணக்கை அங்கத்தினர் முன் அடிக்கடி வைப்பதைக் கொள்கையாகக் கொண்டிருந்தது. கணக்குக் காட்டுவது நேர்மையானவருக்கு இழுக்கன்று; அவருக்கு அதுவே காவல்.

வேலை முடிந்ததும் பொதுக்கூட்டத்தில் இறுதிக் கணக்கைப் படித்து, குழுவைக் கலைப்பதா, அடுத்த வேலையை மேற்கொள்வதா என்று தீர்மானிக்க வேண்டும்.

மேலே சொன்ன ஊரில் மறு ஆண்டு மீண்டும் குழு கூடிற்று. மாரியம்மன் கோயில் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினர். அதில் வாரந்தோறும் கணக்கு எழுதியவர் அதே பெரியவர். அருகிருந்து கூட்டிச் சரிபார்த்தவர், கேள்வி கேட்ட அதே இளைஞர்.