வறட்சியில் பிள்ளைகளுக்கும் மூடாக்கு வேண்டும்

மண்ணைப் பற்றியும் விதையைப் பற்றியும் இந்த இதழில் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த முறை வீட்டுக்குள் வளரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம். முப்பது ஆண்டுக்கு மேல் வங்கியில் இருந்தேன், பெரும்பகுதி விவசாயக் கடன் பிரிவில். ஓய்வுக்குப் பிறகு ராமநாதபுரம் பக்கம் மானாவாரி நெல்லும் முண்டு மிளகாயும் போடுகிறேன். கடன் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நம்ம மாவட்டத்தில் நெருக்கடி என்பது வந்து போகும் விருந்தாளி இல்லை, கூடவே குடியிருக்கும் ஆள். புழுதியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்காக வானத்தைப் பார்த்து நிற்கிறோம். 2016-ல் அந்த மழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. மழை நன்றாகப் பெய்து மிளகாய் விளைந்தால் விலை விழுந்துவிடுகிறது. கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது போக, பாம்பனிலோ ராமேஸ்வரத்திலோ இருந்து கடலுக்குப் போனவரை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால், எப்போது திரும்புவார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் நாம் தாழ்வான குரலில் பேசிக்கொள்கிறோம். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறோம். ஆனால் அதற்குத் தெரியும். ஆங்கிலத்தில் வரும் வங்கி நோட்டீஸை வீட்டில் படித்துச் சொல்வதே எட்டாம் வகுப்புப் பிள்ளைதான். வசூலுக்குப் போனால் கதவைத் திறந்து "அப்பா இல்லை" என்று சொல்வதும் அதுதான். உள்ளே அப்பா இருமுவது வந்தவருக்கும் கேட்கும், பிள்ளைக்கும் கேட்கும்.

கஷ்டம் எந்த வாய்க்காலில் போகிறது?

1980-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வட்டி ஏறி, நில விலை சரிந்து, பல விவசாயக் குடும்பங்கள் கடனில் நிலத்தை இழந்தன. ராண்ட் காங்கர், க்ளென் எல்டர் என்ற ஆய்வாளர்கள் 1989 முதல் அங்கே 451 கிராமப்புறக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பணக்கஷ்டம் பெரும்பாலும் நேராகப் பிள்ளையிடம் போவதில்லை என்று கண்டார்கள். முதலில் அது அப்பா அம்மாவின் மனதைச் சோர்வாக்குகிறது. சோர்வு சண்டையாகிறது. பிறகு பிள்ளையிடம் எரிந்து விழுகிறார்கள், அல்லது அதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பாதிப்பு இந்த வழியாகத்தான் போகிறது.

இதில் நமக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. மழை நம் கையில் இல்லை, சந்தை விலையும் இல்லை. ஆனால் மடை நம் கையில் இருக்கிறது. மூடாக்குப் போட்ட பாத்தியிலும் அதே சித்திரை வெயில்தான் அடிக்கிறது, ஆனால் அடியில் ஈரம் காயாது. பிள்ளைக்கு அந்த மூடாக்கு நாம்தான். ஆகவே நம்மை நாமே கவனித்துக்கொள்வதும் பிள்ளை வளர்ப்பில் ஒரு வேலை.

பிள்ளையிடம் எதைப் பார்ப்பது?

சின்னப் பிள்ளைகள் வாயால் சொல்லாது. காரணமில்லாத வயிற்றுவலி, தலைவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது, அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது என்று காட்டும். பத்து வயதுக்கு மேல் எரிச்சல், தூக்கக் குறைவு, படிப்பில் கவனச் சிதறல். வளர்ந்த பையன் "படிப்ப விட்டுட்டு திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்" என்பான். பெண்பிள்ளை "எனக்குக் காலேஜ் வேண்டாம்பா" என்று தானே சொல்லும். பொறுப்பான பிள்ளை என்று பாராட்டத் தோன்றும். அது பொறுப்பாக இல்லாமல் பயமாகவும் இருக்கலாம், உட்கார வைத்துக் கேளுங்கள்.

வயதுக்குத் தக்க உண்மையைச் சொல்லுங்கள். "இந்த வருசம் மழை இல்ல, நெல்லு போச்சு. கடன் இருக்கு, நான் வங்கியில பேசப் போறேன். இது உன்னால வந்தது இல்ல." என்ன நடந்தது, பெரியவர்கள் என்ன செய்கிறோம், அதன் தவறு எதுவும் இல்லை. இந்த மூன்றும் போதும். கடன் தொகை தெரிய வேண்டாம், காப்பாற்ற முடியாத வாக்குறுதியும் வேண்டாம். கடன்காரர் வந்தால் கதவை நாமே திறப்போம், பிள்ளையைப் பொய் சொல்ல அனுப்ப வேண்டாம்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைப் பிள்ளைகளுக்காக பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் தன்னார்வலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். விளையாட்டு, பாட்டு, படம் வரைதல், பள்ளிக்கூடத்துக்குத் திரும்புதல் என்று அன்றாடத்தை மீட்பதுதான் அந்த மாதிரிப் பணியின் அடிப்படை. நம் வீட்டிலும் சாப்பாட்டு நேரமும் தூங்கும் நேரமும் மாறாமல் இருந்தாலே பிள்ளைக்குப் பாதி தைரியம் வந்துவிடும். ஒரு பாத்திக் கீரையோ நாலு கோழியோ அதன் பொறுப்பில் விடலாம். காய்ந்த ஊரிலும் தன் கையால் ஒன்று வளர்வதை அது பார்க்கட்டும்.

நமக்கு நாமே செய்ய வேண்டியது

தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, மனம் விட்டுப் பேச ஒரு ஆள், இந்த மூன்றையும் விடாதீர்கள். வீட்டுப் பெண்கள் கடைசியில் மிச்சம் மீதியைச் சாப்பிட்டுவிட்டு, குழுக் கடன் தவணையையும் தலையில் சுமக்கிறார்கள். தவணைக் கவலையை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டாலே சண்டை பாதி குறையும். குடி சோர்வைத் தீர்க்காது, தூக்கத்தையும் கெடுத்துச் சண்டையையும் கூட்டும்.

வங்கிக்காரனாக ஒன்று சொல்கிறேன். ஒளிந்துகொள்ளும் கடன்தான் மனதை அரிக்கும். தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய்ப் பேசுங்கள். அரசு இயற்கைப் பேரிடர் அறிவித்து, பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ என்றால், பயிர்க்கடனின் தவணையை மாற்றி அமைக்க ரிசர்வ் வங்கி விதிகளில் வழி இருக்கிறது. எழுத்தில் மனு கொடுங்கள். அடங்கலையும் பயிர்க் காப்பீட்டு ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

இயற்கை விவசாயத்தில் நமக்கு ஒரு கூடுதல் காவலும் இருக்கிறது. வீட்டில் பூச்சிமருந்து டப்பா இல்லை. விபரீத எண்ணம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் விஷம் கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்பும். சென்னை சினேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், இதை மனதில் வைத்துத்தான் காட்டுமன்னார்கோவில் பகுதியில் விவசாயிகளின் மருந்தை வீட்டுக்கு வெளியே பொதுப் பெட்டகங்களில் பூட்டி வைக்கும் முறையைச் செய்து பார்த்தார்கள். இன்னும் மருந்து அடிக்கும் பக்கத்து வீட்டாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

பெரியவரோ பிள்ளையோ, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் இருந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். "செத்துடலாம்" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே போக வேண்டும், அதுவரை தனியாக விடக் கூடாது. டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளுக்கு 1098. இரண்டு எண்களையும் வீட்டு நாட்காட்டியில் பெரிதாக எழுதி வையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் விளைச்சல் கணக்கு கேட்கும்போது, "வீட்ல பிள்ளைங்க எப்படி இருக்கு?" என்றும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வோம்.