குறித்த நேரத்தில் முடியும் கணக்கு

கணிப்பொறியின் திறமையை அதன் வேகத்தைக் கொண்டு மதிப்பிடுவது பொது வழக்கம். இயந்திரங்களை ஆளும் கணிப்பொறிகளுக்கு இவ்வளவுகோல் போதாது. உலோகத்தை வெட்டும் இயந்திரக் கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனுள் பொதிந்துள்ள சிறு கணிப்பொறி, வினாடிக்கு 1,000 முறை கையின் நிலையை அளந்து, மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைத் திருத்த வேண்டும். 999 முறை விரைந்து திருத்திவிட்டு ஒரே முறை தாமதித்தாலும், கை தன் எல்லையைக் கடந்து செல்லக்கூடும். வெட்டப்படும் பொருள் கெடும். அருகில் நிற்பவருக்கும் ஊறு நேரலாம். காலந்தாழ்ந்து வரும் சரியான விடை இங்கே தவறான விடைக்கு ஒப்பாகும். இத்தகைய பணி 'நிகழ்நேரப் பணி' எனப்படும்.

பொது இயக்குதளத்தின் குறை

இயந்திரங்களுள் அமையும் கணிப்பொறிகள் பலவற்றில் இன்று லினக்ஸ் என்னும் இயக்குதளம் பயன்படுகிறது. அதன் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். பல பணிகளுக்கும் காலத்தைப் பகிர்ந்தளித்து, மொத்தத்தில் மிகுந்த வேலையை முடிப்பதே அது முதலில் வகுக்கப்பட்டதன் நோக்கம். கெர்னல் தன் உள்வேலைகளில் சிலவற்றைச் செய்துகொண்டிருக்கையில், அவசரப் பணி வந்தாலும் வாயிலில் காத்திருக்க நேரிடும். காத்திருப்பு பெரும்பாலும் சிறிதே. ஆயினும், அது இவ்வளவுக்கு மேற்படாது என்ற உறுதி இல்லை.

பாலத்தில் நிற்கும் கைவண்டி

முன்னுரிமை அளித்துவிட்டால் மட்டும் இக்குறை தீர்ந்துவிடாது. கொச்சியில் பள்ளுருத்தியிலிருந்து வில்லிங்டன் தீவுக்குச் செல்வோர் தோப்பும்படியில் காயலைப் பாலத்தின் வழியே கடக்கின்றனர். அத்தகைய பாலம் ஒன்றில் ஒரு வண்டி செல்லவே இடமுண்டு என்று கற்பனை செய்வோம். முன்னே ஒரு கைவண்டி. பின்னே நோயாளியை ஏற்றிய ஆம்புலன்ஸ். பாலத்தின் மறுமுனை ஒரு நாற்சந்தி. அங்கே குறுக்குச் சாலையில் பேருந்துகள் தொடர்ந்து வருகின்றன. கைவண்டியைவிடப் பேருந்துக்கு முன்னுரிமை உண்டாதலால், காவலர் கைவண்டியை நிறுத்திவைக்கிறார். பேருந்துகளுக்குப் பாலத்தோடு தொடர்பே இல்லை. எனினும் அவற்றால் ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஒவ்வொரு விதியும் முறையாகவே பின்பற்றப்பட்டது, விளைவோ விபரீதம். கணிப்பொறியில் இந்நிலை 'முன்னுரிமைத் தலைகீழாக்கம்' எனப்படுகிறது.

இதற்குரிய பரிகாரம் எளியது. பாலத்தை விட்டு இறங்கும்வரை கைவண்டியையும் ஆம்புலன்ஸாகவே கருதிப் பேருந்துகளை நிறுத்த வேண்டும். 'முன்னுரிமை மரபுரிமை' எனப்படும் இம்முறையை ஆராய்ந்து, 1990ஆம் ஆண்டு விரிவான கட்டுரை வெளியிட்டவர் மூவர்: லூயி ஷா, இரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாஸ்கி. இவர்களுள் ராஜ்குமார், கோயம்புத்தூர் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவராவார்.

செவ்வாயில் நேர்ந்த சோதனை

1997 ஜூலை 4ஆம் நாள் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி தானே மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்கலாயிற்று. வானிலை அளவுகளைத் திரட்டும் தாழ்ந்த பணி ஒன்று, பொதுச் சாதனம் ஒன்றைப் பூட்டி வைத்திருந்தது. அதை விடுவிக்குமுன் இடைநிலைப் பணிகள் குறுக்கிட்டன. ஆகவே, தரவுகளைப் பகிர்ந்தளிக்கும் உயர்ந்த பணி உரிய நேரத்தில் முடியவில்லை. அதைக் கண்காணித்த பணி, கோளாறு நேர்ந்துவிட்டதென முடிவு செய்து கணிப்பொறியை மறுபடி தொடங்கச் செய்தது. பூமியிலிருந்த மாதிரிக் கலத்தில் பொறியாளர் இக்குறையைக் கண்டறிந்தனர். மேற்கூறிய மரபுரிமை வசதி, அதன் வி. எக்ஸ். ஒர்க்ஸ் இயக்குதளத்தில் முன்பே இருந்தது. அப்பூட்டுக்கு மட்டும் அது இயக்கப்படாதிருந்தது. பூமியிலிருந்தே கட்டளை அனுப்பி அதை இயக்கியபின் தொல்லை நீங்கிற்று.

லினக்ஸில் இரு வழிகள்

லினக்ஸுக்கு நிகழ்நேரத் திறனைச் சேர்க்க இரு வழிகள் வளர்ந்தன. ஒன்று, லினக்ஸுக்கு அருகே சிறிய கெர்னல் ஒன்றை அமைத்து, அவசரப் பணிகளை அதனிடமே விடுவது. ஆர்.டி.லினக்ஸ், ஆர்.டி.ஏ.ஐ., ஜெனோமாய் ஆகியவை இவ்வகை. மற்றொன்று, லினக்ஸ் கெர்னலையே எங்கும் இடைநிறுத்தத்தக்கதாக மாற்றுவது. இது பிரீஎம்ப்ட் ஆர்.டி. எனப்படும். இதில் கெர்னலின் பூட்டுகளில் பெரும்பாலானவை மரபுரிமைப் பூட்டுகளாகின்றன. கருவிகளிலிருந்து வரும் குறுக்கீடுகளும் முன்னுரிமை பெற்ற பணிகளாகவே நடத்தப்படுகின்றன. ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனி ஒட்டாக வளர்ந்த இம்மாற்றம், 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 கெர்னலில் அதன் அங்கமாயிற்று.

சேர்க்கும் முறை

முன்னர், கெர்னலின் பதிப்புக்கு இணையான ஒட்டைத் தேடி இணைக்க வேண்டியிருந்தது. 6.12 முதல், ஆதரவு பெற்ற செயலிகளுக்கு, கெர்னலைக் கட்டும்போது உரிய விருப்பத்தைத் தேர்ந்தால் போதும். பொதி கணிப்பொறிகளுக்கு இயக்குதளம் கட்டித்தரும் யோக்டோ திட்டத்திலும் நிகழ்நேரக் கெர்னலுக்கெனத் தனிச் செய்முறை உண்டு.

ஆனால் வேலை அத்துடன் முடிவதில்லை. அவசரப் பணிக்கு நிலையான முன்னுரிமை தரவேண்டும். அதன் நினைவகப் பகுதிகள் இடையில் வெளியேற்றப்படாதவாறு நிலைநிறுத்த வேண்டும். மின்சிக்கனத்திற்காகச் செயலி உறங்கி விழிக்கும் தாமதத்தையும் கணக்கிட வேண்டும். மிகவும் முக்கியமானது, பயன்பாட்டு நிரலில் உள்ள பூட்டுகளாகும். கெர்னலின் பூட்டுகள் திருந்தினும், நிரலின் சாதாரணப் பூட்டுகள் மரபுரிமையைத் தாமே பெறுவதில்லை. நிரல் எழுதுவோர் அதை வெளிப்படையாகக் கேட்டுப் பெறவேண்டும். செவ்வாயில் விடுபட்டது போன்ற விருப்பமே இது.

இறுதியாக, சைக்கிளிக்டெஸ்ட் போன்ற கருவியால் தாமதத்தை அளக்க வேண்டும். வட்டு, வலையமைப்பு முதலியவற்றில் பெருஞ்சுமை ஏற்றி, நீண்ட நேரம் அளத்தல் வேண்டும். கிடைக்கும் சராசரியைக் கண்டு மகிழ்வதில் பயனில்லை. கண்டவற்றுள் மிகப் பெரிய தாமதமே கருதத்தக்கது. நிகழ்நேர அமைப்பு பிறவற்றைவிட விரைவானது என்பதில்லை. மொத்த வேலையில் அது சற்றுக் குறைவாகவே முடிக்கவும் கூடும். சொன்ன நேரத்தைத் தவறாமல் காப்பதே அதன் சிறப்பு.