டிஸ்க் எரர்: தூக்கிப் போடுவதற்கு முன்

டிவிடி ரெக்கார்டரின் திரையில் 'டிஸ்க் எரர்' என்று வந்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். டிஸ்க்கை எடுத்து, கட்டியிருக்கும் வேட்டியிலோ சேலைத் தலைப்பிலோ வட்டமாகத் தேய்த்துத் திரும்பப் போடுகிறார்கள். 'ஃபார்மேட் செய்யவா?' என்று ரெக்கார்டர் கேட்டால் யோசிக்காமல் சரி என்று அழுத்திவிடுகிறார்கள். இரண்டுமே கூடாது. தேய்ப்பது கீறலில் முடியும். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்காக இருந்தால், ஃபார்மேட் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும்.

2000-களில் பழைய விஎச்எஸ் கேசட்டுகளையும் கேமரா டேப்புகளையும் டிவிடிக்கு மாற்றிய குடும்பங்கள் ஏராளம். மாற்றிய கையோடு பூஞ்சை பிடித்த கேசட்டைக் குப்பையில் போட்டுவிட்டோம். தாத்தா பேசியதும் தங்கையின் கல்யாணமும் இன்று அந்த ஒரே ஒரு டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அதனால் பழுது டிஸ்க்கிலா ரெக்கார்டரிலா என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கடையில் வாங்கிய சினிமா டிவிடி ஒன்றும் பாட்டு சிடி ஒன்றும் இருந்தால் போதும். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். சிடி பாடுகிறது, எந்த டிவிடியும் ஓடவில்லை என்றால் டிவிடி லேசர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சினிமா டிவிடி நன்றாக ஓடுகிறது, புது டிஸ்க்கில் பதிவு மட்டும் நின்று நின்று போகிறது என்றாலும் லேசரைச் சந்தேகிக்கலாம். பதிவு செய்யும்போது லேசர் டிஸ்க்கில் உள்ள சாயப் படலத்தைச் சூடாக்கி அடையாளம் இடுகிறது. படிப்பதற்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு திறன் அதற்கு வேண்டும். வயதான ரெக்கார்டரில் எழுதும் திறன்தான் முதலில் போகும். பிழை எப்போதும் ஒரே நிமிடத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் குற்றம் பெரும்பாலும் டிஸ்க்கில். இடம் மாறி மாறி வந்தால் ரெக்கார்டரில்.

டிஸ்க்கை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடித்தால் எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் வேறு வேறு நிறமாகத் தெரியும். பதிவு நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போகிறது. தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஏறக்குறைய 100 சுற்றுகள் அடங்கிவிடும். விரல் ரேகையும் டிஸ்க்கின் வளைவும் ஓரத்தில்தான் அதிகம் என்பதால், படம் முடியும் தறுவாயில் உறைந்து நிற்பது வாடிக்கையான கோளாறு. மேலே ஒட்டிய காகித லேபிளும் இதற்குக் காரணமாகலாம். சூட்டில் அது சுருங்கி டிஸ்க்கை வளைத்துவிடும். ஆனால் பதிவு இருக்கும் டிஸ்க்கிலிருந்து லேபிளைப் பிய்த்து எடுக்காதீர்கள்.

துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும். காரணம், 1960-ல் இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் வெளியிட்ட பிழைதிருத்தக் கணிதம். டிவிடி அதைக் கொண்டு 32 கிலோபைட் தொகுதிகளாகத் தகவலைச் சரிபார்க்கிறது. குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டு இடத்தைத்தான் தொடும்; விட்டுப்போனதைக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். வட்டக் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடி முழுத் தொகுதியையும் விழுங்கிவிடும்.

புது டிஸ்க்கையே ஏற்க மறுக்கிறதா? ஒவ்வொரு டிஸ்க்கிலும் தயாரிப்பாளரின் குறியீடு உண்டு. எந்த டிஸ்க்குக்கு எவ்வளவு லேசர் திறன் என்ற பட்டியல் ரெக்கார்டரின் நினைவில் இருக்கும். பிற்பாடு வந்த வேகமான டிஸ்க்குகள் பழைய ரெக்கார்டரின் பட்டியலில் இல்லாமல் போகலாம். உங்கள் ரெக்கார்டர் ஏற்பது டிவிடி பிளஸ் ஆர் வகையா, டிவிடி மைனஸ் ஆர் வகையா என்பதையும் கையேட்டில் பாருங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஃபைனலைஸ் செய்யாமல் வைத்த டிஸ்க்குகள்தான். பதிவு முடிந்ததும் ரெக்கார்டர் தலைப்பகுதியையும் பொருளடக்கத்தையும் எழுதி டிஸ்க்கை மூட வேண்டும். இதைச் செய்யாத டிஸ்க் பதிவான ரெக்கார்டரில் மட்டுமே உறுதியாக ஓடும். மற்ற பிளேயர்களில் பெரும்பாலும் வெறும் டிஸ்க் போலத்தான் தெரியும். அதாவது அந்த ரெக்கார்டர் செத்தால் டிஸ்க்குக்கும் அதே கதி என்று பயப்பட வேண்டியிருக்கிறது. ரெக்கார்டர் உயிரோடு இருக்கும்போதே அலமாரியில் உள்ள டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு மெனுவில் ஃபைனலைஸ் கொடுங்கள். சில நிமிடங்கள் ஆகும், நடுவில் கரண்ட் போகக்கூடாது. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் செய்வது உத்தமம். ரெக்கார்டர் ஏற்கனவே போய்விட்டதா? அதே கம்பெனியின் அதையொத்த மாடலில் போட்டுப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், கணினி டிரைவில் போட்டு ஐசோபஸ்டர் என்ற மென்பொருளால் படிக்கலாம். பொருளடக்கம் இல்லாவிட்டாலும் உள்ளே எழுதியதை நேராகத் தேடி எடுக்கக்கூடியது அது.

ரெக்கார்டர் பக்கம் வந்தால், முதல் சந்தேகம் தூசி. சிறு தூரிகை வைத்த லென்ஸ் துடைக்கும் டிஸ்க் சில சமயம் போதும். குளிர்ந்த ஏசி அறையிலிருந்து வெக்கையான கூடத்துக்கு மாற்றிய ரெக்கார்டரை உடனே போடாதீர்கள், லென்ஸில் நீர் பூத்திருக்கும்; ஓரிரு மணி நேரம் விடுங்கள். டிஸ்க் உட்காரும் சுழல்மேடையில் அழுக்கு சேர்ந்தாலும் டிஸ்க் வழுக்கிப் பிழை காட்டும். அதைத் துடைக்க மூடியைத் திறக்க வேண்டும் என்பதால், மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்சாரம் நிற்கும். மூடியைத் திறந்து வைத்து ஓட்டினால் லேசர் கண்ணைப் பாதிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ரெக்கார்டர் மறுத்தால் டிஸ்க்கை வீசிவிடாதீர்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொரு டிரைவ் படிப்பது சகஜம். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, மோசமான இடங்களுக்குப் பின்னர் திரும்பி வந்து மறுபடி மறுபடி முயலும். ஓரிடத்தில் சில நொடி படம் சிதறலாம், மீதியெல்லாம் கிடைத்துவிடக்கூடும். ஒரு பக்கமும் ஒரே அடுக்கும் உள்ள முழு டிஸ்க்கே 4.7 ஜிபிதான். ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் நூறு டிஸ்க்குகளை ஏற்றி, அதன் நகல் ஒன்றை ஊரில் அண்ணன் வீட்டிலும் வைத்துவிடலாம்.