கோழித் தீவனமும் நமது நலமும்

முட்டையின் தரம் கோழியின் நலத்தைப் பொறுத்தது. கோழியின் நலமோ அது கொத்தித் தின்னும் தீவனத்தைப் பொறுத்தது. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் முட்டை வாங்கும் தமிழ் அன்பர்கள் அதன் விலையை விசாரிப்பதுண்டு. அதனை இட்ட கோழி என்ன தின்றது என்று விசாரிப்போர் மிகச் சிலரே. ஆயினும் இந்நகரில் வாழ்வோர்க்கு அவ்வினா மிகவும் அவசியமானதாகும்.

கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். அது உடலுக்கு ஆற்றல் தருவது. முட்டைக்கும் தசைக்கும் வேண்டிய புரதத்தைச் சோயாப் புண்ணாக்கும், கடலைப் புண்ணாக்கும், கருவாட்டுத் தூளும் அளிக்கின்றன. இப்புரதச் சரக்குகளே விலை மிகுந்தவை. ஆகவே கலப்படம் நுழையும் வாயிலும் பெரும்பாலும் இதுவே.

கொல்கத்தாவின் கிழக்கே டாங்ரா, தில்ஜலா, டாப்சியா ஆகிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிடும் தொழில் நடைபெற்று வந்தது. அவ்வாலைகளை அங்கிருந்து அகற்றுமாறு 1996 டிசம்பர் 19-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பந்தாலாவில் அவற்றுக்கெனத் தனி வளாகம் அமைந்தது. தோலைச் சீவும்போது விழும் சீவல்களையும் துண்டுகளையும் வேகவைத்து, வெயிலில் உலர்த்திப் பொடியாக்கி, கோழிக்கும் மீனுக்கும் உரிய மலிவான புரதத் தூளாக விற்கும் வழக்கம் அவ்வட்டாரத்தில் தோன்றியது.

தோலும் புரதந்தானே, அதனால் என்ன கேடு என்று சிலர் வினவலாம். கேடு இரு வகைப்படும். பதனிடுவோர் தோலுக்கு ஏற்றும் குரோமிய உப்பு வேகவைப்பதனால் முற்றும் நீங்குவதில்லை. இத்தகைய தீவனத்தை உண்ட கோழிகளின் உறுப்புகளில் குரோமியம் தங்கியிருப்பதை வங்காளதேச ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். இவ்வாறு தீவனம் தயாரிப்பதை நிறுத்துமாறு அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது.

மற்றொரு கேடு, அளவுகோலின் குறையால் விளைவது. டென்மார்க் நாட்டு இரசாயன அறிஞர் கெல்டால் 1883-இல் வகுத்த முறைப்படி, ஒரு சரக்கிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைக்கும். நைட்ரஜன் சோயாவிலிருந்து வந்ததா, செருப்புத் தோலிலிருந்து வந்ததா என்பதை இம்முறை பிரித்துக் காட்டாது. தோலின் புரதத்திலோ கோழிக்கு இன்றியமையாத டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம் இல்லை. எனவே மூட்டையின்மேல் அச்சிட்ட புரத எண் உயர்ந்திருந்தாலும், தீவனம் சத்தற்றதாகவும் நஞ்சு கலந்ததாகவும் இருக்கக்கூடும்.

மனிதன் கலக்காமலே சேரும் நஞ்சும் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் படர்ந்திருந்த பூஞ்சணமே காரணம் எனப் பின்னர் தெளிந்தனர். அதன் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். அது கல்லீரலைத் தாக்கும். நீண்டகாலம் உடலிற் சேரின் புற்றுநோயை விளைவிக்கும். சாதாரணச் சமையல் வெப்பத்தால் அழியாது. வங்காளத்தின் மழைக்கால ஈரக் காற்று இப்பூஞ்சணத்திற்கு மிகவும் உகந்தது. கோழித் தீவனத்தில் இந்நஞ்சின் முக்கிய வகை ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ஆகவே கோழி வளர்ப்போர் தீவனத்தின் புரத எண்ணை மட்டும் நோக்காது, அப்புரதம் எச்சரக்கிலிருந்து வந்தது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். சந்தை விலையினும் மிக மலிவாகக் கிடைக்கும் புரதத் தூளை ஐயுறுதல் நலம். மூட்டைகளைத் தரையில் வையாது மரப்பலகைமேல், சுவரினின்று விலக்கி அடுக்குதல் வேண்டும். கட்டி தட்டியதும் பூஞ்சண வாடை வீசுவதுமான தீவனத்தை உலர்த்திப் பயன்படுத்த முனையலாகாது. ஈரம் போனாலும் நஞ்சு போவதில்லை.

நமது நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து தீவனப் பரிசோதனைக் கூடம் ஒன்று இயங்குகிறது. பண்ணையாளர் சரக்கைச் சோதித்து வாங்கும் அவ்வழக்கம் எங்கும் பரவ வேண்டும். முட்டையை உடைத்துப் பார்த்து இக்குற்றங்களை எவரும் காண இயலாது. தீவன மூட்டையிலேயே அவற்றைத் தடுத்தாக வேண்டும்.