நெடுஞ்சாலையில் எஞ்சின் ஏன் கொதிக்கிறது?

தீபாவளியோ பொங்கலோ நெருங்கிவிட்டால் நம் விடுதிகளில் ஒரே பரபரப்பு. இரயிலில் இடம் கிடைக்காத நண்பர்கள் நால்வர் ஐவர் சேர்ந்து, யாரேனும் ஒருவருடைய பழைய காரில் ஏறிப் புனேயிலிருந்து தெற்கே புறப்பட்டுவிடுகிறார்கள். சாத்தாரா, கோலாப்பூர், பெளகாவி, ஹுப்பள்ளி, பெங்களூர், வேலூர் என்று 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சென்னை வரை நீண்டு கிடக்கிறது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் பயணம். ஊருக்குள் ஆறு மாதமாக ஒரு குறையுமின்றி ஓடிய வண்டி, நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடியதும் சூடேறி, ஆவி கக்கி, ஓரமாக நின்றுவிடுவதுண்டு. “ஊருக்குள் நன்றாகத்தானே ஓடியது!” என்று எல்லோரும் வியப்பார்கள்.

அந்த வியப்பிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது. காய்ச்சல் என்று வருபவரிடம், “எப்பொழுது வருகிறது? காலையிலா, மாலையிலா?” என்று மருத்துவர் கேட்பதில்லையா? எஞ்சினைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுவே. எப்பொழுது சூடாகிறது என்பதை அறிந்தால், எதனால் சூடாகிறது என்பதைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம். அதை அறியாமல் பழுது பார்க்கத் தொடங்கினால், ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பணத்தை இழப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெப்பத்தின் வரவு செலவு

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சென்று சேர்வதில்லை. தோராயமாகச் சொன்னால், மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியை, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிச் சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சிறிய கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் வீதம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 5½ லிட்டர் பெட்ரோல் செலவாகும். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 32 மெகாஜூல். ஆகவே மணிக்கு 176 மெகாஜூல். அதாவது 49 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்கு 16 கிலோவாட். குளிர்காலத்தில் வாளித் தண்ணீரைக் காய்ச்ச 1,000 வாட் இம்மர்ஷன் ஹீட்டர் ஒன்றை அமிழ்த்துகிறோமே, அத்தகைய ஹீட்டர்கள் பதினாறு, எஞ்சினுக்குள் ஓடும் சில லிட்டர் நீரை இடைவிடாமல் காய்ச்சிக்கொண்டிருப்பதற்கு இது சமம்!

வண்டி சிக்னலில் நிற்கும்போதோ, எஞ்சின் மணிக்கு முக்கால் லிட்டர் அளவே எரிக்கும். அப்பொழுது நீர் சுமக்க வேண்டிய வெப்பம் இரண்டு மூன்று ஹீட்டர்களுக்கு மேல் இராது.

வேகம் கூடும்போது இந்தச் சுமை விரைந்து ஏறுகிறது. காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தை 110 ஆக உயர்த்தினால், அத்திறன் 2.6 மடங்காகிறது. ஐவரும் அவர்களுடைய பெட்டிகளும் ஏ.சி.யும் சேர்ந்துகொண்டால் சொல்லவும் வேண்டுமோ!

விசிறி குற்றவாளியா?

வண்டி சூடானது என்றவுடன் பலரும் ஐயுறுவது ரேடியேட்டர் விசிறியைத்தான். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டியில், எதிர்க்காற்றே ரேடியேட்டரில் வேண்டிய அளவு புகுந்துவிடும். விசிறிக்கு அங்கே அதிக வேலையில்லை. வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதுமே அது இன்றியமையாதது.

இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. நெரிசலில் சூடாகி, நெடுஞ்சாலையில் குளிர்ந்துவிடும் வண்டியில் விசிறியையும், அதன் மோட்டார், ஃபியூஸ், ரிலே ஆகியவற்றையும் பாருங்கள். ஊருக்குள் ஒழுங்காக இருந்து நெடுஞ்சாலையில் சூடாகும் வண்டியில் விசிறியை விட்டுவிடுங்கள். அங்கே குறை நீரின் ஓட்டத்திலோ, ரேடியேட்டரின் வெப்பம் விடும் திறனிலோ இருக்கிறது. இரண்டு மூன்று ஹீட்டர்களின் வெப்பத்தை ஏற்கும் பழுதுபட்ட அமைப்பு, பதினாறு ஹீட்டர்களின் வெப்பத்தை ஏற்க முடியாமல் தோற்றுவிடுகிறது. சாத்தாரா செல்லும் வழியில் உள்ள கம்பாட்கி போன்ற மலைப்பாதைகளில் சுமையும் அதிகம், வேகமும் குறைவு. ஆதலால் அங்கே விசிறியும் வேண்டும், ரேடியேட்டரும் குறையின்றி இருத்தல் வேண்டும்.

வரிசையாகச் சோதிக்கும் முறை

செலவு குறைந்ததை முதலிலும், மிகுந்ததை இறுதியிலும் பார்ப்பதே அறிவுடைமை. இச்சோதனைகளை எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் தொடங்க வேண்டும்.

முதலில் நீரின் அளவையும் ரேடியேட்டர் மூடியையும் பார்க்க வேண்டும். நீர்த்தொட்டியில் உள்ள இரு கோடுகளுக்கிடையே நீர் நிற்கிறதா? அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிவு உண்டு. ஹோஸ் குழாய்கள் சேரும் இடங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருந்தால் அதுவே கசிவின் அடையாளம். மூடி என்பது வெறும் மூடியன்று. அழுத்தத்தைக் காக்கும் வால்வு. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், காற்றழுத்தத்தைப்போல் இருமடங்கு அழுத்தத்தில் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் அந்த 20 டிகிரிப் பாதுகாப்பும் போய்விடுகிறது. சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் காரியம் இது.

இரண்டாவதாக, ரேடியேட்டரின் வெளிப்புறம். அதற்கு முன்னால் ஏ.சி.யின் கண்டென்சர் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே தூசியும் பூச்சிகளும் பஞ்சும் சேர்ந்து மெத்தைபோல் அடைத்துக்கொள்வதுண்டு. முன்னால் நின்று பார்த்தால் இது தெரியாது. விளக்கடித்துப் பார்க்க வேண்டும். மெல்லிய நீரோட்டத்தால் எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கிக் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் வளைந்துவிடும். வண்டியின் அடியில் உள்ள பிளாஸ்டிக் மறைப்புத் தட்டு கழன்று விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல கார்களில் வேகத்தில் வரும் காற்றை ரேடியேட்டருக்குள் செலுத்த அதுவும் துணை புரிகிறது.

மூன்றாவதாக, ரேடியேட்டரின் உட்புறம். நெடுஞ்சாலையில் மட்டும் சூடாகும் வண்டியில் நம் முதல் ஐயத்துக்குரியது இதுவே. கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் ஆண்டுக்கணக்காக ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி வந்தால், நம் வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதுபோல உப்பு குழல்களுக்குள் படிகிறது, துருவும் சேர்கிறது. குழல்களில் ஒரு பகுதி அடைபட்டாலும், மிஞ்சியவை ஊருக்குள் ஓடப் போதும், நெடுஞ்சாலைக்குப் போதா. எஞ்சின் சூடானதும் அதை நிறுத்திவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரின் பரப்பைப் பகுதி பகுதியாக அளந்து பாருங்கள். சுற்றிலும் சூடாக இருக்க ஓரிடம் மட்டும் திட்டாகக் குளிர்ந்திருந்தால், அங்கே நீர் ஓடவில்லை என்று பொருள். அடைப்பு சிறிதானால் கழுவித் தீர்க்கலாம். பெரிதானால் புது ரேடியேட்டரே வழி.

நான்காவதாக, தெர்மோஸ்டாட். மெழுகு அடைத்த சிறு வால்வு இது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, பல கார்களில் 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அரைகுறையாகத் திறந்து சிக்கிக்கொண்டால், குறைந்த வெப்பத்துக்குப் போதுமான நீரை மட்டும் விடும். கழற்றி எடுத்து, வெப்பமானியுடன் ஒரு பாத்திர நீரில் இட்டுக் காய்ச்சினால் அது எங்கே திறக்கிறது, எவ்வளவு திறக்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, அது இல்லாமலே வண்டியைப் பூட்டிக் கொடுப்பதுண்டு. அது தீர்வாகாது. எஞ்சின் தக்க வெப்பத்தை அடையாமல் பெட்ரோலை வீணாக்கும். சிலவகை எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியிலேயே சுற்றி, சூடு இன்னும் அதிகமாவதும் உண்டு.

ஐந்தாவதாக, வாட்டர் பம்பும் கீழ் ஹோஸும். பம்பின் உள்ளிருக்கும் இறக்கைகள் அரித்துப்போனாலும், பெல்ட் வழுக்கினாலும் நீரோட்டம் குறையும். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குச் செல்லும் குழாயில் உறிஞ்சல் நிகழ்கிறது. பழையதாகி மெலிந்த குழாய், எஞ்சின் வேகமாகச் சுழலும்போது உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். வேகம் குறைந்ததும் மீண்டும் விரிந்துவிடும். அதனால் நின்ற வண்டியில் இக்குறை புலப்படாது. ஒருவர் எஞ்சினை 3,000 சுற்று அளவுக்கு முடுக்க, மற்றொருவர் எட்ட நின்று குழாயைக் கவனிக்க வேண்டும். விசிறி தானே சுழலக்கூடும். கையை உள்ளே நீட்டலாகாது.

இறுதியாக, ஹெட் காஸ்கெட். வெளியில் கசிவே இல்லாமல் நீர் குறைதல், தொட்டியில் ஓயாமல் குமிழிகள் எழுதல், குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஹோஸ் கல்போல் இறுகுதல், எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் மாறுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சிலிண்டரின் வாயு நீருக்குள் புகுகிறதா என்பதை அறிய நீலநிறக் கரைசல் ஒன்று உண்டு. தொட்டியிலிருந்து வரும் ஆவியில் கரியமில வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாக மாறும். இந்தச் சோதனையைச் செய்யாமல் எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முள்ளை நம்பலாமா?

வெப்பம் காட்டும் முள் ஓர் உதவியாளன். ஆனால் முழு உண்மை பேசுபவன் அல்லன். இக்காலக் கார்கள் பலவற்றில், நீரின் வெப்பம் பல டிகிரி ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் அசையும்போது நிலைமை முற்றியிருக்கும். வண்டியின் ஓ.பி.டி. துளையில் செருகும் சிறு கருவியொன்றைக் கைப்பேசியோடு இணைத்தால் உண்மையான வெப்பநிலையைக் காணலாம். வேகத்தையும் வெப்பத்தையும் ஒருவர் குறித்துக்கொண்டே வந்தால், மெக்கானிக்குக்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கொதித்த வண்டியில் முள் திடீரென்று இறங்கினால் மகிழ்ந்துவிடக் கூடாது. நீர் வற்றி, வெப்பமறியும் உறுப்பு வெறும் ஆவியில் நிற்கலாம்.

சாலையில் செய்ய வேண்டியவை

வெப்பம் ஏறக் கண்டால் ஏ.சி.யை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, வண்டிக்குள் உள்ள ஹீட்டரை முழு அளவில் விடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் அந்த ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டரே. வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் முள் சிவப்பை எட்டினாலோ ஆவி வந்தாலோ, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். “அடுத்த ஊர் பத்து கிலோமீட்டர்தானே” என்று ஓட்டினால், அலுமினிய ஹெட் வளைந்து, ஒரு மூடியில் தீர்ந்திருக்கக்கூடிய பழுது ஓர் எஞ்சினையே விழுங்கிவிடும். நம் போன்றோருக்கு அது பல மாத உதவித்தொகை!

எக்காரணம் கொண்டும் சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே 115 டிகிரியில் அழுத்தத்தால் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, மேல் ஹோஸ் கைபொறுக்கும் அளவுக்கு ஆறி நெகிழ்ந்த பின்னரே, கனத்த துணியைப் போட்டு மெல்லத் திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் தவறு, உலோகம் வெடிப்புறும்.

நடுவழியில் நிற்கும்போது நமக்கு மொழியும் ஒரு தடைதான். மராத்தியும் கன்னடமும் தட்டுத்தடுமாறிப் பேசும் நாம், “வண்டி சூடாகிறது” என்பதற்குமேல் சொல்ல முடியாமல் நிற்கிறோம். சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஆனால் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், காஸ்கெட் என்னும் சொற்கள் சாத்தாராவிலும் ஹுப்பள்ளியிலும் வேலூரிலும் ஒன்றேயன்றோ? “சிக்னலில் சூடாவதில்லை, 90 கிலோமீட்டர் வேகத்தில் சூடாகிறது, நீர் குறையவில்லை” என்ற மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரிடம் எந்த மெக்கானிக்கும் வேண்டாத பாகத்தை மாற்றத் தயங்குவார். விடுமுறைக்குப் புறப்படுமுன் ஒரு காலைப்பொழுதை இச்சோதனைகளுக்கு ஒதுக்குங்கள். ஊரில் நம்மை எதிர்நோக்கி விழித்திருப்பவர்கள், அன்றிரவு கவலையின்றி உறங்குவார்கள்.