மழைநீரில் நின்ற டீசல் வண்டியை மீண்டும் இயக்கலாமா? மும்பை வெள்ளம் தந்த பாடம்

புது தில்லி: தேங்கிய நீரில் பெட்ரோல் கார் நின்றுவிடும், டீசல் வண்டி எப்படியும் கடந்துவிடும் என்பது வாகன ஓட்டிகளிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. 2005-ம் ஆண்டு ஜூலை 26-ம் தேதி மும்பையில் கொட்டிய மழை, அந்த நம்பிக்கை எதுவரை செல்லும் என்பதைக் காட்டிவிட்டது.

சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது. பிற்பகலில் ஒரு மணி நேரத்தில் மட்டும் 190 மி.மீ. பெய்தது. அதேவேளையில் நகரின் தென்கோடியான கொலாபாவில் 73 மி.மீ. மழையே பதிவானது. மித்தி ஆறு கரை புரண்டதில் தாராவி, குர்லா, சயான் பகுதிகள் நீரில் மூழ்கின. மின்சார ரயில்கள் நின்றுபோக, சாலைகளில் பேருந்துகளும் லாரிகளும் ஆட்டோக்களும் ஆயிரக்கணக்கில் முடங்கின. அவற்றில் டீசல் வாகனங்களும் ஏராளம்.

தமிழர்கள் பெருமளவில் வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகள் தாழ்வான இடங்களைக் கொண்டவை. கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் கனமழை பெய்தால் வடிகால் நீர் வெளியேற வழியில்லை. மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் சாலைகளில் ஆண்டுதோறும் நீர் தேங்குவது வழக்கமாகிவிட்டது.

தீப்பொறி தேவையில்லை

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி. அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வயர்கள் நனைந்தால் பழைய கார்கள் உடனே நின்றுவிடும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுக்கப்படும் காற்று, சிலிண்டரில் 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தப்படும்போது 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகிறது. அந்தக் காற்றில் டீசல் பீய்ச்சப்பட்டதும் தானே தீப்பற்றுகிறது.

பழைய வகை பம்ப் பொருத்திய டீசல் எஞ்சின், ஒருமுறை இயங்கத் தொடங்கிவிட்டால் மின்சாரத்தைப் பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை. லாரி, பேருந்துகளில் காற்று இழுக்கும் குழாயும் பெரும்பாலும் உயரத்தில் இருக்கும். எனவேதான் கார்கள் திணறும் நீரிலும் அவை கடந்து சென்றன.

இரண்டு கரண்டி நீர் போதும்

ஆனால், டீசல் எஞ்சினின் பலமே அதன் பலவீனமும் ஆகும். காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. காற்றுக் குழாய் வழியே நீர் புகுந்தால், மேலே வரும் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் முட்டி நிற்கும். கனெக்டிங் ராடு வளையும். சில வேளைகளில் எஞ்சினே உடையும்.

500 மி.லி. கொள்ளளவுள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். அழுத்த விகிதம் 17 எனில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 31 மி.லி. மட்டுமே. விகிதம் 10 கொண்ட பெட்ரோல் எஞ்சினில் இது சுமார் 55 மி.லி. ஆகும். அதாவது, இரண்டு பெரிய கரண்டி நீர் புகுந்தாலே டீசல் எஞ்சினைச் சேதப்படுத்தப் போதுமானது.

நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் மீண்டும் 'ஸ்டார்ட்' செய்யும்போதே பெரும் சேதம் நேர்கிறது. அத்தகைய வண்டியைத் தள்ளியோ, இழுத்தோ மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பேட்டரி இணைப்பை நீக்கி, காற்று வடிகட்டி நனைந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். சிலிண்டரிலிருந்து நீரை முற்றிலும் வெளியேற்றிய பிறகே இயக்க வேண்டும்.

கடந்தே ஆக வேண்டிய நிலையில், முதல் கியரில், நடக்கும் வேகத்தில், நிறுத்தாமல் செல்வதே முறை. வேகமாகச் சென்றால் எழும் அலையும், எதிரே வரும் லாரி கிளப்பும் அலையும் காற்றுக் குழாயை எட்டிவிடும். கடந்த பின்னர் பிரேக்கை மெதுவாக அழுத்தி உலர்த்திக்கொள்வது அவசியம்.

2020-ம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனையாகும் பாரத் ஸ்டேஜ்-6 டீசல் வாகனங்கள் கணினிக் கட்டுப்பாட்டையும் பல சென்சார்களையும் நம்பி இயங்குபவை. பழைய டீசல் வண்டிக்கு இருந்த சலுகை இவற்றுக்குப் பெரிதும் இல்லை.

வண்டியா, உயிரா?

2005 வெள்ளத்தில், பூட்டிய கார்களிலிருந்து வெளியேற முடியாமல் மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு. வெளியே நீரின் அழுத்தத்தால் கதவு திறக்காது. மின்சார ஜன்னல்களும் செயலிழக்கும். நீர் கதவை எட்டுவதற்கு முன்பே ஜன்னலை இறக்கிவிடுவது உயிர் காக்கும்.

இறங்கி நடப்பதிலும் ஆபத்து உண்டு. 2017-ம் ஆண்டு ஆகஸ்ட் 29-ம் தேதி, மழைநீரில் சிக்கிய காரை விட்டு இறங்கி நடந்த பிரபல மருத்துவர் தீபக் அம்ராபுர்கர், திறந்து கிடந்த பாதாளச் சாக்கடைக் குழியில் விழுந்து உயிரிழந்தார்.

பொருள் இழப்பும் சிறிதல்ல. நீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் ஏற்படும் சேதத்தைச் சாதாரண வாகனக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. இதற்கெனத் தனியாக 'எஞ்சின் பாதுகாப்பு' காப்பீடு எடுக்க வேண்டும். வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு, ஓர் எஞ்சின் பழுது என்பது பல மாத வருமானம்.

வடிகாலே தீர்வு

மும்பையின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழையைத் தாங்கவே அமைக்கப்பட்டவை. இதை 50 மி.மீ. ஆக உயர்த்த 1993-ம் ஆண்டிலேயே அறிக்கை தரப்பட்டது. 2005 வெள்ளத்துக்குப் பிறகே மத்திய அரசு சுமார் ரூ.1,200 கோடிக்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

கிங்ஸ் சர்க்கிள், செம்பூர் பகுதிகளின் நீரை வெளியேற்றத் திட்டமிடப்பட்ட மாஹுல் நீரேற்று நிலையமோ, உப்பள நிலப் பிரச்சினையால் பல ஆண்டுகள் இழுபறியானது. அந்த நிலம் மத்திய அரசின் பொறுப்பில் இருந்தது குறிப்பிடத்தக்கது.